அண்ணா ‘மதகு’ என்று பெயர் வைத்த கருவி

நடந்தவை இவை:

1. அண்ணாவின் வலது கால் தளர்ந்தது. பட்டறை மேசைக்கு அடியில் குனிய அவரால் முடியாமல் போனது.
2. குனியாமல் வேலை செய்ய ஒரு கருவி செய்து கொடுத்தேன். அது இறுகி நின்றுவிட்டது.
3. அதைச் சரிசெய்தேன். அதற்குள் அவருடைய விரல்கள் பிடியை இழந்திருந்தன.
4. உள்ளங்கையால் சுற்றக்கூடிய சக்கரம் ஒன்றைப் பூட்டினேன். அதற்குள் தோள் தளர்ந்தது.
5. அண்ணா எங்களை விட்டுப் பிரிந்தார்.

ஒவ்வொரு முறையும் நோய் என்னை முந்திக்கொண்டது.

அண்ணா உடப்பு என்னும் கடற்கரை ஊரில், கரைவலை இழுக்கும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா காலமானபோது நான் பாலர் வகுப்பில் இருந்தேன். அண்ணா கடலுக்குப் போவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வள்ளத்தில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். “இவனுக்குக் கடல் சரிவராது. கரையில ஒரு மரத்தக் குடுங்க, கட்டிப் பிடிச்சிட்டு நிப்பான்” என்று பெரியப்பா கேலி செய்தார். அண்ணா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். முந்தலில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

யுத்தம் முடிந்த பிறகு கண்டக்குழிப் பக்கம் விடுதிகள் எழும்பின. கதவு, ஜன்னல், கட்டில் என்று வேலைகள் வந்தன. அண்ணா முந்தலிலேயே சொந்தப் பட்டறை போட்டார். என்னைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினார். அவர் யாரையும் கடிந்து பேசி நாங்கள் கேட்டதில்லை. வெட்டும்போது பிழை வந்தால் பலகையோடுதான் கதைப்பார்: “ஏன் ராசா இப்பிடிச் செய்தாய்?”

அவர் அதிகம் பாவித்தது ரூட்டர் என்னும் இயந்திரம். வேகமாகச் சுழலும் சிறிய அலகால் மரத்தின் விளிம்பில் வளைவும் பள்ளமும் வெட்டும். அதை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருந்தார். அலகு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். அலகின் உயரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் முழங்காலிட்டு உள்ளே கை விடவேண்டும்.

கால் தளர்ந்தபோது அவர் கையில் ஒரு வேலை இருந்தது. மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்து வந்து கனமூலையில் மரக்கடை வைத்திருக்கும் நண்பருடைய வீட்டு வாசற்கதவு அது. முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல, நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். நெடுங்காலம் ஓலைக் கொட்டிலில் இருந்தவர் அப்போதுதான் கல்வீடு கட்டி முடித்திருந்தார். அந்தக் கதவைத் தன் கையால் செய்வதாக அண்ணா சொல்லியிருந்தார்.

“கதவு எங்கயும் ஓடாது மச்சான். நீ சுகமாகி வா. அதுவரைக்கும் வாசல்ல சாக்குத் தொங்கட்டும்” என்றார் நானா.

“சாக்குத் தொங்கினா ஆடு உள்ள வரும்.”

“வந்தா நல்லம். அறுத்துப் புரியாணி போடுவன், நீயும் வா.”

அண்ணா சிரித்தார். நானா போனதும் என்னிடம், “நான் அந்தக் கதவ முடிக்கோணும்” என்றார்.

நான் இறால் பண்ணையில் நீரிறைக்கும் மோட்டர்களைப் பார்க்கிறவள். குளத்து மதகில் சக்கரத்தைச் சுற்றினால் பலகை மேலே ஏறும். அதையே மேசைக்குச் சிறிதாக்கினேன். ரூட்டரை ஒரு பலகையில் பூட்டி, இரு பக்கமும் மரப்பள்ளத்தில் வழுக்கவிட்டு, நடுவே மரை வெட்டிய இரும்புத் தண்டைச் செலுத்தினேன். மேலிருந்து கைப்பிடியைச் சுற்றினால் அலகு ஏறும், இறங்கும். அண்ணா அதற்கு ‘மதகு’ என்று பெயர் வைத்தார்.

சில நாட்களில் அது அசைய மறுத்தது. திறந்து பார்த்தேன். மரை முழுவதும் தேங்காயெண்ணெயும் மரத்தூளும் பிசைந்த மாவாக இறுகியிருந்தன. எங்கள் பக்கத்தில் எந்த இரும்பைக் கண்டாலும் எண்ணெய் பூசிவிடுவோம். அண்ணாவும் பூசியிருந்தார்.

“கடல் காத்து இரும்பத் தின்னும், அதுக்கு நான் எண்ணெய் வச்சன். மரத்தூளுக்கு நீ என்ன வச்சாய்?” என்றார்.

எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, தூள் ஒட்டாதபடி மெழுகுதிரி தேய்த்தேன். மதகு சுழன்றது. அண்ணாவின் விரல்கள் கைப்பிடியைப் பற்றவில்லை. அம்மாவின் தையல் மெசின் சக்கரத்தைக் கேட்டேன். “கழட்டிக் கொண்டு போ பிள்ள. நான் இனி என்னத்தத் தைக்கிற?” என்றார் அம்மா.

கதவில் மிஞ்சியிருந்தது கீழ்ப்பலகையைச் சுற்றிவரும் நான்கு சட்டங்கள்தான். அண்ணியும் நானும் அண்ணாவைக் கதிரையில் இருத்தி மேசையருகே கொண்டுபோனோம். அவர் உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்தார், தோள் தாங்கவில்லை. முழங்கையை நான் ஏந்திக்கொள்ள, அவரே சுற்றினார். நான் ஒரு மரத்துண்டை வெட்டிக் காட்டினேன். வளைவை நகத்தால் தடவினார்.

“கையப் பிடி, இன்னும் கொஞ்சம் ஏத்துவம்... நில். சரி. இப்ப சட்டத்தத் தள்ளு.”

“பயமா இருக்கு அண்ணா.”

“மோட்டருக்குப் பயமில்லாத பிள்ளைக்கு மரத்துக்கா பயம்? கைய அங்கால வை.”

மூன்று சட்டங்கள் வெட்டினோம். நான்காவதை எடுத்தபோது அவருடைய தலை சாய்ந்தது. “மத்தத நாளைக்குப் பாப்பம்” என்றார்.

அதன்பின் அவர் பட்டறைக்கு வரவில்லை. மூச்சு விடச் சிரமப்பட்டார். தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் இந்த நோய்க்கு மருந்தில்லை என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் நான் ஏதாவது செய்யலாமா என்று வைத்தியரைக் கேட்டபடியே இருந்தேன். வீட்டில் தலையணையை உயர்த்தினேன், பிறகு தாழ்த்தினேன். வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு காலையில், அண்ணி தேத்தண்ணீர் கொண்டுவருமுன் அண்ணாவின் மூச்சு நின்றது.

அண்ணாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், முறைவைத்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய அயலவருக்கும், துக்க வீட்டுக்கு மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய கனமூலைக் குடும்பத்தாருக்கும், கிரியைகளில் கூடநின்ற உறவினர் அனைவருக்கும் அம்மா, அண்ணி, பிள்ளைகள் சார்பில் என் நன்றி.

நானாவின் கனமூலை வீட்டில் கதவைப் பொருத்தியாகிவிட்டது. கீழ்ப்பலகையில் மூன்று சட்டங்களுக்கு வளைவு இருக்கிறது. நான்காவது வெட்டாத நேர்ச்சட்டம். வேறொருவரைக் கொண்டு வெட்டுவிக்கட்டுமா என்று கேட்டேன். “வேணாம் தங்கச்சி, அது அப்பிடியே கிடக்கட்டும்” என்றார் நானா.

மேசை பட்டறையில் இருக்கிறது. அலகு, அண்ணா வைத்த உயரத்தில் நிற்கிறது.