விம்பிள்டன் கோவிலில் விழுந்த தாயத்து

தம்பி குமரனின் மகளுக்குக் கலியாணம் என்று மே மாதம் ஒன்பது நாள் லண்டன் போய் வந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். ஹூஸ்டனில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. குமரனுக்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் ஒரு சின்னக் கடை. இரண்டு கடைக்காரர் சேர்ந்தால் என்ன கதைப்பார்கள்? கள்ளனைப் பற்றித்தான். அமெரிக்காவில் இருந்து லண்டன் போக இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

முதலில் எங்கள் பக்கத்துக் கதை. எதிர்க்கடையில் கொள்ளை நடந்த பிறகு இவர் ஒரு பெரிய கைத்துவக்கு வாங்கினார். எனக்கு மணிக்கட்டில் வாதம். தோட்டா ஏற்ற அதன் மேல்பக்கத்தை இழுத்துவிடவே முடியவில்லை. இருபத்திரண்டு என்கிற சின்ன ரகம் கேட்டபோது விற்கிறவர், "எலி சுடவா?" என்று சிரித்தார். அது முந்தி. இப்போது அதே மனிதர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் முன்னுக்கு வைத்து, உதை குறைவு, கை நோகாது என்று என்னைப் போன்றவர்களுக்கு விற்கிறார். சனிக்கிழமைகளில் சுட்டுப் பழகும் இடத்தில் என் வயதுக்காரிகள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஒருத்தி. எட்டாம் வகுப்போடு நின்றவள் குறி தப்பாமல் சுடுகிறேன் என்று எனக்கு ஒரே புளுகம், பெருமை. நான் வாங்கிய அந்தச் சின்னத் துவக்கு எப்போதும் என் கைப்பைக்குள் இருக்கும். லண்டனுக்கு மட்டும் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வந்தேன்.

போய் இறங்கிய அன்று மத்தியானச் சாப்பாட்டில் இவர் தொடங்கினார்.

"கடைக்குள்ள என்ன மச்சான் வைச்சிருக்கிறாய்?"

"விளக்குமாறு, அத்தான்."

"கள்ளன் வந்தா?"

"வந்தவன்தானே. கல்லாவைத் திறந்து விட்டன், அள்ளிக்கொண்டு போனான். அடுத்த நாள் காலமை கடை திறந்தன். சண்டைக்காலம் ஊரில கண்ட துவக்கே எனக்குக் காணும், இனி வேண்டாம்."

"விளக்குமாறு இருந்தும் கூட்டித் தள்ளேல்லையோ?" என்று நான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டான்.

கலியாணம் ஞாயிறு. வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக விம்பிள்டன் பிள்ளையாரிடம் போனோம். மிச்சத்தில் இருந்து டிராமில் பன்னிரண்டு நிமிடம். ஆளுக்கு ஒன்றே முக்கால் பவுண். வங்கி அட்டையைத் தட்டினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் பஸ் ஏறினால் அதற்கு வேறு காசு இல்லை. ஸ்டேஷனில் இருந்து கால்மணிக்குக் கொஞ்சம் கூட நடை. அன்று குளிர்காற்று. இவர் வேட்டிக்கு மேல் சனிக்கிழமை ஜாக்கெட்டைக் கொழுவியிருந்தார், சுடப் போகும்போது போடுகிற அதே ஜாக்கெட்.

நம்முடைய கோவில்களில் ஆண்கள் சட்டை கழற்றித்தான் உள்ளே போவது. இவரும் ஜாக்கெட்டையும் சட்டையையும் கழற்றி என் கையில் தந்தார். நான் ஜாக்கெட்டை உதறி மடித்தேன். ஏதோ டிங் என்று விழுந்து உருண்டு, பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் காலடியில் நின்றது.

"அக்கா, உங்கட தாயத்து விழுந்திட்டுது."

எடுத்துத் தந்தாள். பித்தளையில், சின்ன விரல் நுனியளவு. தாயத்தில்லை, இருபத்திரண்டுத் துவக்கில் போடுகிற சன்னம், தோட்டா. சுடாத சன்னம்; சனிக்கிழமை எனக்காக இவர் ஜாக்கெட் பையில் போட்டது, பெட்டிக்குள் கூடவே வந்துவிட்டது.

குமரன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், இஞ்ச இதுக்குப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள்."

"துவக்கே இல்லை. இது சின்னன்தானே."

"சின்னனோ பெரிசோ, பேப்பர் இல்லாமல் வைச்சிருக்க ஏலாது. ஞாயிறு மாமா எங்கையெண்டு மகள் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

எங்கேயாவது ஆற்றில் போடுவோம் என்றார் இவர். நான் மறித்தேன். "போட்டதை வேற ஒரு பிள்ளை எடுக்கும். தாயத்தெண்டு கழுத்தில கட்டும்."

குமரன் போலீசுக்குப் போன் பண்ணினான். சன்னத்தை ஓரமாக வையுங்கள், ஒன்றையும் தொடாதீர்கள், வருகிறோம் என்றார்கள். தொடாதே என்றதும் இவர் தன் சட்டையைக்கூடத் தொடவில்லை. செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் வெறும் மேலோடு ஐம்பது நிமிடம் நடுங்கிக்கொண்டு நின்றார். வருகிறவர்கள் எல்லாம் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பெண். யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார்கள். அந்தப் பெண்ணின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. இருவரின் இடுப்பிலும் துவக்கு இல்லை. நான் இரண்டு முறை பார்த்தேன். சன்னத்தைச் சின்னப் பையில் போட்டார்கள், ஜாக்கெட் பைகளைத் தடவினார்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் வெளியே போய் மேலதிகாரியோடு போனில் கதைத்தாள். அந்தப் பத்து நிமிடம் நான் பிள்ளையாரைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்தவள், தவறி வந்தது என்று எழுதிக்கொள்கிறோம், இன்னொரு முறை இப்படி முடியாது என்றாள். பிறகு இவரைக் காட்டி, "முதலில் அவருக்குச் சட்டையைக் கொடுங்கள்" என்றாள்.

ஞாயிறு மண்டப வாசலில் குமரன் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் அத்தானின் பைகளைத் தடவிப் பார்த்தான். இவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

போகிறவர்களுக்கு: சுடப் போகும் உடுப்பு, பை எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். எல்லாப் பையையும் வெளியே இழுத்து உதறுங்கள். அப்படியும் ஒன்று அகப்பட்டால் வீசாதீர்கள், தூக்கிக்கொண்டு திரியவும் வேண்டாம். போன் பண்ணிவிட்டு நில்லுங்கள்.

என் சின்னத் துவக்கை விற்றுவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் தெருவில் விளக்குமாற்றை நம்ப எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. ஆனால் ஹூஸ்டன் திரும்பி முதல் நாள் கடைக்குக் கைப்பையைத் தூக்கியபோது தோளை இழுத்தது. ஒன்பது நாள் வெறும் பையோடு நடந்து பழகிவிட்டேன் போல. முந்தி அது பாரம் என்றே எனக்குத் தெரிந்ததில்லை.