அற்புதமலரின் காணாமற்போன புள்ளி

இத்தாலியில், பலேர்மோ நகரத்துச் சிஞ்ஞோராக்கள் என்னும் வீட்டுக்காரச் சீமாட்டிகளின் கக்கூஸ் கழுவியே காலம் தள்ளிய அற்புதமலருக்கு அருவருப்பு என்பது தூரத்துச் சொந்தக்காரி மாதிரி, வரும், போகும். ஆனால் புருசன் றொஜர் குசினி மேசையில் குடிவைத்திருந்த சிஎன்சி மெசினைக் கண்டால் மட்டும் அந்தச் சொந்தக்காரி பெட்டியோடு வந்து இறங்கிவிடுவாள். கம்பியூட்டர் சொல்லச் சொல்ல மரத்தில் எழுத்து வெட்டும் சாமான் அது. அதன் தூள் சொதியில் மிதக்கும், சோற்றில் கடிபடும். தும்மினால் மூக்கிலிருந்து அரைப் பலகை விழும்.

நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு முடுக்குக்குள் அவள் தையல்கடை திறக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் வந்து ஆசீர்வதிப்பார். கடைக்கு ‘அற்புதமலர்’ என்று பெயர்ப்பலகை தானே வெட்டித் தருவதாக றொஜர் சத்தியம் பண்ணினான். ஒழுங்காக வராவிட்டால் மெசின் வீட்டில் இராது என்று அவளும் பதிலுக்குச் சத்தியம் பண்ணினாள்.

வெட்டி முடிந்தது. ‘மலர்’ இருந்த பக்கத்து எழுத்துகள் புட்டை மூக்குமுட்டத் தின்றவை போலக் கொழுத்து நின்றன. கடைசிப் புள்ளிக்குள் ஒரு மிளகாய்க் கன்று நடலாம். முன்பக்கத்து எழுத்துகளோ காய்ச்சல்காரர் மாதிரி மெலிந்து கிடந்தன. ‘ற்’ எழுத்தின் புள்ளி அடியோடு காணவில்லை.

“அறபுதமலர்,” என்று அவள் வாசித்தாள். “நான் எப்ப அறபு நாட்டுக்குப் போனனான்?”

மரத்தை வெட்டும் ‘பிற்’ என்ற அலகின் முனை ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரிக் கூரானது, ஆழமாக இறங்கினால் கோடு அகலும், மேலோடு போனால் மெலியும், மெசின்தான் எங்கேயோ சரிந்து நிற்கிறது என்று றொஜர் விளக்கம் சொன்னான். கண்ணில் பட்ட ஆணியையெல்லாம் முறுக்கினான். முனையை மாற்றினான். மெசினின் காலுக்குக் கீழே காட்போட் மட்டை வைத்தான். பிறகு அதே பலகையில் கீழே இன்னொரு தரம் வெட்டினான். மறுபடியும் அறபுதமலர். இன்னொரு தரமும் அப்படியே.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நாற்றம் கிளம்பியது. செத்துப்போன திமிங்கிலம் குசினிக்குள் வந்து வாயைத் திறந்த மாதிரி. பக்கத்துப் பல்லாரோ சந்தை நாற்றம் யன்னலால் வருகிறது என்று றொஜர் சொல்ல, அவள் யன்னலைச் சாத்தினாள். நாற்றம் இரட்டிப்பானது.

பொறுக்க முடியாமல் பலகையைப் பல்கனிக்கு இழுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றித் தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பிழிந்து உரஞ்சினாள். ‘மலர்’ பக்கத்துத் தண்ணீர் வழிந்து போனது. ‘அற்பு’ பக்கத்துத் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. அவளுடைய நகத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“இஞ்சருங்கோ. மெசின் சரிஞ்சு நிக்கேல்லை, பலகைதான் குழிஞ்சு கிடக்கு. எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

மீன்கடைக்காரன் எறிந்த வெட்டுப் பலகை, நல்ல வைரமான மரம் என்று றொஜர் முணுமுணுத்தான். ஆயிரம் மீனின் கழுத்தை ஒரே இடத்தில் வெட்டி வெட்டி அந்தப் பக்கம் பள்ளமாகிவிட்டது. முனை அங்கே மரத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது.

றொஜர் மெசினில் தட்டை முனை போட்டு, பலகையின் மேல்தோல் முழுவதையும் மட்டமாகச் சீவினான். வீடெங்கும் மீன் தூள் பறந்தது. அவள் சால்வையால் மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றாள். கடைசியாக ஒரு தரம் வெட்டினான். எழுத்துகள் எல்லாம் ஒரே கனம். ‘ற்’ தலையில் புள்ளி கடலை மாதிரிக் குந்தியிருந்தது.

அற்புதமலர் விரலால் தடவிப் பார்த்தாள். விரலை மணந்தாள். முகம் கோணியது.

“மெசின் இருக்கட்டும். இந்தப் பிணத்தை வெளியிலை கொண்டுபோங்கோ.”

“அப்ப ஞாயிறுக்கு?”

“புதுப் பலகை வாங்கி வெட்டுங்கோ. வாங்க முதல் மோந்து பாருங்கோ.”