கழுத்து மட்டும் திரும்பவில்லை

என் அக்கா பன்னிரண்டு வருடம் ஒரு பட்டறையில் வீட்டு உட்கூரைகளில் ஒட்டும் பிளாஸ்டர் பூ வார்த்தாள். முழு உருவம் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் புருஷன், என் மாமா, பக்கவாதத்தில் விழுந்ததும் அந்த வேலையும் போயிற்று. நான்கு வருடமாகக் கடைத்தெருவைத் தாண்டி அவள் கால் வைத்ததில்லை.

இந்த நிலைமையில் நூலக வாசலுக்கு ஒரு பெண் சிலை வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. முதலில் களிமண்ணில் அரை ஆள் உயரத்துக்குச் செய்து காட்ட வேண்டும். தேர்வுக்குழு வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்க்கும். "இத விட்டா எனக்கு வேற வழியில்லடி," என்றாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

மாடலுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்க வழியில்லாததால் அவளே மாடல். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட புரொஜெக்டரை நான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். சாமான் அறை ஜன்னலை அட்டைப்பெட்டியால் அடைத்தாள். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம், அதில் எட்டுப் பங்கு. கேமராவை ஸ்டூலில் வைத்து, டைமரை அமுக்கிவிட்டு ஓடிப்போய் நிற்பாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பங்கு திரும்பி நிற்க வேண்டும். பிறகு களிமண் உருவத்தின் உயரத்துக்கே படத்தைச் சுவரில் விழவைத்து, அளந்து அளந்து மண்ணில் ஏற்றுவாள். கால், இடுப்பு, தோள் எல்லாம் கச்சிதமாக வந்தன. கழுத்துதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முன்பக்கம் சரிசெய்தால் பக்கவாட்டில் கோணியது. மூன்று நாள் வெட்டி வெட்டி ஒட்டினாள்.

புதன்கிழமை எட்டுப் படத்தையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தோம். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. உடம்பு வட்டமாகத் திரும்புகிறது; தலை மட்டும் கழுத்து எட்டுகிற வரைக்கும் கதவுப் பக்கமே நிற்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் கட்டில்.

"படத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டாருடி. தண்ணி, ஃபேன், தலகாணி."

வந்த கோபத்தில் நேரே கட்டிலுக்குப் போனேன். "மாமா, ஒரு அரை மணி நேரம் வாயத் திறக்காம இருப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "இதுக்கா இத்தன நாள் கஷ்டப்பட்டா? சொல்லியிருந்தா போர்வைய வாயில அடைச்சிக்கிட்டிருப்பேனே," என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது.

அக்கா மறுபடி நின்றாள். நான் கட்டிலருகே காவல் இருந்தேன். தும்மல் வந்தபோதுகூட மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். படங்களைச் சுவரில் போட்டால், தலை முன்னைவிட அதிகமாகக் கதவுப் பக்கம் போயிருந்தது.

"அவர் மூச்சுகூட விடலையேக்கா."

"அதான். சத்தமே காணோமேன்னு இருந்துச்சு."

"நான் பக்கத்துலதானே இருந்தேன்?"

"எனக்குத் தெரியும். கழுத்துக்குத் தெரியலையே."

கடைசியில் வட்டத்துக்குள் என்னை நிறுத்தினாள். எட்டுப் படமும் ஒரே தடவையில் சரியாக வந்தன. சுவரில் என் கழுத்து எந்த அலட்டலும் இல்லாமல் நேராக நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டதில்லை. அக்கா அளவெடுத்து மண்ணில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவர் சிலையை இரண்டு சுற்றுச் சுற்றினார். "இதையே எடுத்துக்கிறோம்மா. நிக்கிறதுல என்ன ஒரு நிம்மதி. இத எங்க பிடிச்சீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் உள்ளே மாமா இருமினார். அவள் போய்விட்டாள். பதில் சொல்ல நான் மட்டும் அங்கே நின்றேன்.