தடித்த எழுத்தில் கால்வாய்க்கரை

என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் அவளுக்கு மிளகாய் என்றே பெயர். குடிநீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவுக்கு அவளை மாற்றியபோது, "ஐயோ பாவம், அந்தப் பிரிவு" என்றாள் அம்மா.

எனக்கு அந்தப் பிரிவுக்காரர்கள்மேல் இப்போதும் இரக்கம் வரவில்லை. நான் கால்வாய்க்கரை என்ற பகுதியில் குடியிருக்கிறேன். என் மகளுக்கு மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு. டாக்டரம்மா சுவரைக் காட்டுவார். 'அனைத்துப் பகுதிகளும் வரம்புக்குள்' என்று அந்தப் பிரிவு தலைப்புப் போட்ட தண்ணீர் அறிக்கை அங்கே ஒட்டியிருக்கும். "தண்ணியில ஒண்ணும் இல்லம்மா. நீங்க கையைக் கழுவிட்டு ஊட்டுங்க." வீட்டுக்கு வந்தால் மாமியார் அதையே இன்னும் காரமாகச் சொல்வார். நானும் தோல் உரியக் கழுவினேன்.

அக்காவின் வேலை, ஒவ்வொரு பகுதியின் கிருமி அளவையும் கம்ப்யூட்டரில் கொடுத்துப் படம் எடுப்பது. பகுதிக்கு ஒரு கட்டம், அதன் கீழே பெயர். முதல் மாதமே பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் செத்து விழுந்தது. 'எழுத்தின் அகலத்தை அளக்க முடியவில்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். மதியம் கூட்டம், எந்தப் பகுதிக்குக் குழாய் மாற்றுவது என்று அதில்தான் முடிவாகும்.

பிரிவுத் தலைவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "கால்வாய்க்கரையைத் தூக்கிடும்மா, படம் வந்துடும். பேரு நீளம், இடம் பத்தல. புது கம்ப்யூட்டர் வந்ததுலேருந்து அப்படித்தான் ஓட்டுறோம்."

தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம்! அக்கா விடவில்லை. பெயரை இரண்டே எழுத்தாகக் குறுக்கினாள், மென்பொருள் மறுபடி விழுந்தது. முழுப் பெயரை வேறொரு பகுதியின் கட்டத்துக்குக் கீழே போட்டாள்; படம் சமர்த்தாக வந்தது. ஆக, பெயர்மேல் குற்றமில்லை. கால்வாய்க்கரையின் கிருமி அளவைக் குறைத்துப் பார்த்தாள், வந்தது. உள்ளதை உள்ளபடி கொடுத்தாள், விழுந்தது.

அப்புறம்தான் பிடிபட்டது. அளவு வரம்பைத் தாண்டினால் அந்தப் பகுதியின் பெயரைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், கண்ணில் படுவதற்காக. எந்தப் பெயரையும் எழுதுமுன் மென்பொருள் அதன் அகலத்தை அளக்கும். புது கம்ப்யூட்டரில் தடித்த எழுத்தை யாரும் ஏற்றவே இல்லை. இல்லாத எழுத்தை எப்படி அளக்கும்? தண்ணீர் நன்றாக இருந்தால் படம் வரும், கெட்டிருந்தால் வராது. வராததைத் தூக்கிவிட்டு, எல்லாம் நலம் என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, இவர்கள் சோறுகூடப் போடாமல் மறைத்தவர்கள்.

அக்கா முதலில் எனக்குத்தான் போன் செய்தாள். "பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணி கொடுக்காதடி." அடுத்து தலைவரிடம் போனாள். "மெஷின்ல எழுத்து இல்ல, சரி. உங்களுக்குக் கண்ணு இருந்துச்சே சார்?"

"கத்தாதம்மா. இந்த மாசத்தை மட்டும் சரியா போட்டுக் கொடு. பழசைக் கிளறாதே."

கிளறினாள். எழுத்தை ஏற்றி, தூக்கிப் போட்ட மாதங்களையெல்லாம் மறுபடி படமாக்கிக் கூட்டத்தில் பரப்பினாள். எல்லாவற்றிலும் தடித்த எழுத்தில் கால்வாய்க்கரை. எங்களுக்குக் குழாய் மாற்ற முடிவானது. தலைவருக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. 'மென்பொருள் கோளாறு' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் புதுப் படத்தை எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, சாப்ட்வேர் பிரச்சனையா?" என்று சிரித்தார்.

"என் கை சுத்தமாத்தான் இருந்துச்சு டாக்டர்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். நான் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த அறிக்கையைக் கிழித்தேன். அந்த இடத்தில் புதுப் படத்தை ஒட்ட, அக்கா கைப்பையிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்து நீட்டினாள்.