கரையளவுக்குக் கட்டிய லாரி

எங்கள் வீட்டு நெல் கொட்டகையில் ஒரு குட்டி லாரி நிற்கிறது. முகப்பு, பின்தொட்டி, பக்கக் கதவு எல்லாம் நிஜ லாரி மாதிரியேதான். அகலம் மட்டும் மாட்டுவண்டியைவிடக் குறைவு, இருக்கை ஒன்றே ஒன்று. எந்தக் கம்பெனிப் பெயரும் அதில் இல்லை. யார் கேட்டாலும் அப்பாவிடம் பதில் தயார்: அவருக்கு ஆறு வயதில், என் தாத்தா கும்பகோணத்துப் பட்டறையில் சொல்லிச் செய்து கொடுத்த விளையாட்டு வண்டி.

தாத்தா விளையாட்டுச் சாமான் வாங்கித் தருகிற ரகம் இல்லை. பெற்ற மகனிடம் பேசுவதே தலையசைப்பில்தான். அப்படிப்பட்டவர் ஒரு லாரியே செய்து கொடுத்தார் என்பதுதான் அப்பாவின் பெரிய சொத்து. உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனதற்குக்கூட அப்பா இவ்வளவு அலட்டிக்கொண்டதில்லை. போனதும் கொஞ்சம்தான். மீதியை மாடு மேய்ப்பவர் பெயர்வரைக்கும் எழுதிக் காப்பாற்றிவிட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அவர் டார்ச்சும் கையுமாக அடியில் புகுந்து, இன்ஜின் ஏதோ பழைய காருடையது, தொட்டி உள்ளூர்த் தகரம் என்றார். பிறகு இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்.

"ஆறு வயசுப் பையனுக்குக் கால் எட்டாதுங்களே. இது பெரிய ஆள் ஓட்டச் செஞ்ச வண்டி."

அதற்காகத்தான் டிரைவர் போட்டிருந்தார்கள் என்றார் அப்பா. ஒரே சீட்டில் டிரைவர் உட்கார்ந்தால் முதலாளி எங்கே உட்காருவார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

அன்று அத்தையும் வந்திருந்தார். அப்பாவுக்கு அக்கா, நடந்ததெல்லாம் நினைவிருக்கிற வயசு. அவர்தான் போட்டு உடைத்தார்.

அப்போது சென்னையில் ஆட்சி மாறிய புதிது. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். வண்டிக்காரர்களும் அவர்கள் பக்கம். அந்த அறுப்பை எப்படியோ ஒப்பேற்றிய தாத்தா, அடுத்த அறுப்புக்குள் ஒரு ஏற்பாடு செய்தார். வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பது, கட்டுகளை ஊருக்குள் வராமல் வாய்க்கால் கரையோடு களத்துக்குக் கொண்டுபோவது. அதற்குத்தான் இந்த லாரி.

கரை என்ன அகலம் என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, கிராம வரைபடத்தில் உள்ள அளவைத் தாத்தா சொல்லியிருக்கிறார். அந்தக் கரையை வருஷா வருஷம் மண்வெட்டியால் அரிந்து வயலோடு சேர்த்துக்கொண்டவரே அவர்தான். கரை அப்படியேதான் இருக்கிறது என்று தாசில்தாரிடம் சாதித்துச் சாதித்து, கடைசியில் அதை நம்பிய ஒரே மனிதரும் அவரேதான்.

லாரி முதல் நடையிலேயே நெல்லுக்கட்டோடு வாய்க்காலுக்குள் சாய்ந்தது. வெளியூர் ஆட்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். தூக்குவதற்கு ஊரில் இருந்தது, கூலி கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான். கேட்ட கூலிக்குத் தாத்தா தலையசைத்தார், அவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். லாரி உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கூலித் தகராறை ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவைத்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டது. சென்னைக்காரரை ஏன் வரவழைத்தோம் என்று என்மீதே எரிச்சலாக வந்தது. அப்பா தோள் துண்டால் லாரியின் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப எனக்குன்னு செய்யலையாக்கா?"

"இல்லடா. இங்க கொண்டாந்து விட்டப்புறம் நம்ம அப்பா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. நீதான் ஏறி உக்காந்துகிட்டு எறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சே. சரி, அவனே வச்சிக்கட்டும்னாரு."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவனேன்னு என்னையா சொன்னாரு?"

"வேற யாரை?"

அப்பா சென்னைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இதை விக்கிறதா இல்லைங்க" என்றார்.

யாரும் விலை கேட்டிருக்கவில்லை.