அடையாளம் ஒன்று: மீசை

போன மாதம் நான் நாற்பது நிமிஷம் காணாமல் போனேன். ரேணிகுண்டாவில் ரயில் தாமதம், கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். திருப்பதி வீட்டுக்குள் நான் கால் வைப்பதற்குள் மருமகள் என் படத்தைப் பதினோரு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு முடித்திருந்தாள். படத்தின் கீழே என் வயது, உயரம், சட்டையின் நிறம். நிறம் தப்பு. நீலம் என்று போட்டிருந்தாள், நான் அணிந்திருந்தது சாம்பல். அதைச் சொன்னதற்கு, "அதான் வந்துட்டீங்க இல்ல மாமா, விடுங்க" என்றாள். என்னால் விட முடியவில்லை. அடையாளம் பொருந்தாமல் போனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். எங்கள் நைனாவை, அதாவது அப்பாவை, தேடியபோது பட்டுத் தெரிந்துகொண்டது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது சித்தூரில் இருந்தோம். நைனா வெல்ல மண்டியில் எடை போடுபவர். நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டில் அம்மா, தங்கச்சி, நைனா, நான், ஐந்தாவதாக நைனாவின் மீசை. மண்டியில் அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மீசைக்காரர் என்றால் தராசு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். இடது பக்கம் மூன்றேகால் அங்குலம், வலது பக்கம் மூன்றரை. அவர் தூங்கும்போது ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன்.

தங்கச்சிக்கு மூன்று வருஷமாக வரன் தேடினோம். பதினாறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினேழாவதாக நகரியிலிருந்து, விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை அமைந்தார். திங்கட்கிழமை கல்யாணம். அதற்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நைனாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அம்மா விஷயத்தை அவிழ்த்தாள்.

"இந்த எடம் முடிஞ்சா உன் தலமுடியையும் மீசையையும் ஏழுமலையானுக்குக் குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். கல்யாணத்துக்குள்ள போய்ட்டு வந்துடு."

எங்கள் பக்கத்தில் அடுத்தவர் தலையை வேண்டிக்கொள்வது சகஜம். புருஷன் தலை, பிள்ளை தலை, ஊரிலிருக்கும் தம்பி தலை என்று பெண்கள் பாட்டுக்கு வேண்டிக்கொள்வார்கள். தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்கும் வழக்கம் இல்லை. அதற்காக யாரும் சண்டை போட்டும் நான் பார்த்ததில்லை. ஆனால் மீசை வேறு.

"என் மூஞ்சில இருக்கிறத வேண்டிக்க நீ யாரு? உன் கூந்தலக் குடுக்கிறதுதானே?"

"பதினாறு பேர் பாத்துட்டுப் போனாங்களே, அப்பல்லாம் என் கூந்தலத்தான் வேண்டிக்கினேன். எவன் வந்தான்? உன் மீசைய வேண்டிக்கினேன், அடுத்த வாரமே வந்தான்."

நைனா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஆளைக் காணோம் என்றால் எடுத்தவுடன் போலீசுக்குப் போகமாட்டோம். முதலில் உறவுக்காரர் வீடுகள். எங்களுக்கு ஒன்பது வீடுகள். நாலு வீட்டுக்குச் சைக்கிளில் போனேன், ஐந்து வீட்டுக்குக் கார்டு எழுதினேன். பெண் வீட்டு அப்பா ஓடிப்போன சேதி நகரிக்குப் போய்விடக் கூடாதே என்று எல்லாக் கார்டிலும் சுற்றி வளைத்து, 'நைனா அங்கு நலமா?' என்று மட்டும் கேட்டிருந்தேன். இரண்டு வீட்டிலிருந்து, 'நலம், உங்கள் நைனா நலமா?' என்று பதில் வந்தது.

தங்கச்சி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "நைனா தாரை வாக்கலன்னா நான் மணைல உக்கார மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். மூன்று வருஷம் காத்திருந்து வந்த கல்யாணம்.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த ஏட்டு தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர்.

"குர்த்துலு செப்பு மாஸ்டாரு" என்றார். அடையாளங்களைச் சொல்லு என்று.

"மீசை."

"அது ஒண்ணு. ரெண்டாவது?"

"வலது முட்டியில மாடு முட்டின தழும்பு."

"ரோட்ல போறவரு வேட்டியத் தூக்கியா பாப்பாங்க? வேணாம், மீசையே போதும்." அதை மட்டும் எழுதிக்கொண்டார். "எந்தப் பக்கம் போயிருப்பாரு?"

"எந்தப் பக்கம் வேணும்னாலும் போயிருப்பார். திருப்பதிப் பக்கம் மட்டும் போயிருக்க மாட்டார்" என்று காரணத்தைச் சொன்னேன். ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் கை தன்னுடைய மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. "நானா இருந்தா பம்பாய்க்கே போயிருப்பேன்" என்றார். வயர்லெஸ் செய்தி வேலூருக்குப் போனது, பலமநேருக்குப் போனது, குப்பத்துக்குப் போனது. திருப்பதிக்குப் போகவில்லை.

அடுத்தது நோட்டீஸ். நைனாவின் படம் வீட்டில் ஒன்றுதான், மண்டிக்காரர்கள் இருபத்து மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொண்டது. ஸ்டூடியோவில் நைனாவின் தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றவரின் ஒரு காதும் கூடவே வந்துவிட்டது. அதை வைத்து அச்சுக்கு பிளாக் செய்ய இரண்டு நாள். அச்சகக்காரரிடம் காணவில்லை நோட்டீசுக்கென்றே கோத்து, நூலால் கட்டிவைத்த எழுத்து இருந்தது. 'உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். உடனே புறப்பட்டு வரவும்.' யார் ஓடிப்போனாலும் அதே மூன்று வரிதான். எங்களுக்காக அம்மாவை மனைவி என்று மாற்றினார், உன்னை என்பதை உங்களை ஆக்கினார்.

திருத்தம் பார்க்கத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அடுப்பின் முன் உட்கார்ந்து கல்யாணத்துக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி படித்துக் காட்டினாள்.

"யார்டா படுத்த படுக்க? காலைலேர்ந்து நூத்திப்பத்து அதிரசம் சுட்டுக்கினு இருக்கிறேன். எடுடா அத."

"கட்டி வெச்ச எழுத்தும்மா. எடுத்தா மறுபடி கோக்கணும், லேட்டாகும்."

"அப்ப கீழ இன்னொண்ணு சேரு." எண்ணெயில் புரண்ட இரண்டு அதிரசத்தை எடுத்து வெளியே போட்டாள். "மீசை வேண்டாம், ஆள் வந்தால் போதும். அப்படின்னு போடு."

"சாமிக்கு வேண்டிக்கினது?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ அச்சுக்காரன்கிட்ட பேசு."

செவ்வாய்க்கிழமை ஐந்நூறு நோட்டீஸ் வந்தது. மேலே தெலுங்கு, கீழே தமிழ், நடுவில் நைனாவும் யாரோ ஒருவரின் காதும். மைதா காய்ச்சின பசையை டப்பாவில் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். சித்தூரில் நூற்று நாற்பது ஒட்டினேன். வேலூர் போகும் வழியில் நூற்றைம்பது. குப்பம் பக்கம் நூறு. ராமகுப்பத்தில் பட்டுக்கூடு விற்கிற இடத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர் நிற்கிறார் என்று சேதி வந்து, அங்கே போய்ப் பார்த்தால் அவர் வேறு மீசை, இரண்டு அங்குலம் தேறாது. வந்ததற்கு அங்கே முப்பத்தாறு ஒட்டிவிட்டு வந்தேன். சித்தூரில் இரண்டு தியேட்டர்களில் இடைவேளையில் ஸ்லைடு போட்டார்கள். புதுப்பட வில்லன் என்று நினைத்து ஜனங்கள் விசிலடித்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் கடிதம் வைத்து வானொலிக்கும் எழுதியிருந்தேன். முறை வரும்போது வாசிப்பார்கள் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்தூர் பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் என் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்து என்னை நிறுத்தினார். "மாஸ்டாரு, இவரப் போன வியாழக்கெழம நான்தான் ஏத்திக்கினு போனேன். புத்தலப்பட்டுல டீ குடிக்க எறங்கி, வெல்லம் போட்ட டீ இல்லையான்னு கடைக்காரர்கிட்ட சண்ட போட்டாரு."

"எந்த ஊர் டிக்கெட்?"

"திருப்பதி."

"திருப்பதிக்கா? மீசையோடவா?"

"ஏறும்போது மீசையோடதான் ஏறினாரு."

மீதி எழுபத்து நாலு நோட்டீஸோடு வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனேன். பஸ் நிலையமெங்கும் சந்தனம் பூசிய மொட்டைகள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, பஸ்கள் வந்து கலைத்ததால் விட்டுவிட்டேன். சுவரில் ஆறாவது நோட்டீஸை ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கரகரத்த குரல் ஒன்று, "மேல் மூலைல பசை போதல" என்றது. திரும்பினேன். ஒரு மொட்டை. அந்த வயதில் அங்கே நாற்பது மொட்டை நின்றிருந்தது. சரிங்க என்று மூலையைத் தடவிவிட்டு, ஏழாவது நோட்டீஸை அவர் கையில் கொடுத்தேன்.

"இவர எங்கயாவது பாத்தீங்களா பெரியவரே?"

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தேன். நேத்துக் காலைல ஒம்போது மணி வரைக்கும் இருந்தாரு."

"எங்க? எங்க இருந்தாரு?"

"இங்கதான்" என்று தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினார்.

பசை டப்பா என் காலில் கொட்டியது. நான் அழுதேனா சிரித்தேனா என்று ஞாபகமில்லை. நைனா சிரித்தார், அது ஞாபகம் இருக்கிறது. அந்த உதட்டை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன்.

கோபத்தில் கிளம்பியவர் பஸ் ஏறும்போதே மகளுக்காகக் கொடுத்துவிடுவது என்றுதான் ஏறியிருக்கிறார். சத்திரத்தில் தங்கி நாலு தடவை மலை ஏறி, முடி இறக்கும் கல்யாணகட்டாவில் நாலு தடவை வரிசையில் உட்கார்ந்து, முறை வரும்போது எழுந்து வந்துவிட்டிருக்கிறார். ஐந்தாவது தடவை கண்ணை மூடிக்கொண்டாராம். தொண்டை கட்டினது மொட்டையில் ஊற்றிய பச்சைத்தண்ணியால். இந்த மூஞ்சியோடு மண்டி வழியாகப் போக வெட்கப்பட்டு, இருட்டின பிறகு சித்தூர் போய்ச் சேரும் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நோட்டீஸின் கடைசி வரியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"மீசை வேண்டாமா? இது எப்ப அடிச்சது?"

"செவ்வாய்க்கெழம."

"நேத்துக்குள்ள திருப்பதில ஒண்ணாவது ஒட்டினியா?"

"இல்ல நைனா. நீ இங்க மட்டும் வரமாட்டேன்னு..."

"கணக்கு வாத்தியாரு" என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா நாலு வினாடி பார்த்தாள். பிறகு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். "நம்ம கல்யாணத்தன்னிக்கு இருந்த மூஞ்சிய்யா இது. எங்க வெச்சிருந்த இத்தினி நாளா?" தங்கச்சி மட்டும் சிரிக்காமல் வந்து அவர் வேட்டியை முட்டிவரை தூக்கினாள். தழும்பைப் பார்த்தபிறகுதான் நைனா என்று கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். ஆளை நேரில் காட்டினால்தான் கேஸை முடிப்பார்கள். ஏட்டு காகிதத்தையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு இல்ல."

"என் நைனா சார்!"

"நீ சொல்ற. காகிதம் சொல்லலியே. அடையாளம் ஒண்ணு, மீசை."

நைனா வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"அத நான் எழுதிக்கலியே. மொளச்சதும் கூட்டிக்கினு வா."

மாதம் அரை அங்குலம் வளர்ந்தாலும் ஏழு மாதம் என்று கணக்குப் போட்டேன். தாரை வார்க்கும் அப்பா அரசாங்கக் காகிதத்தில் காணாமல் போனவராகவே இருப்பார். பின்னால் யாராவது இந்தக் கல்யாணம் செல்லாது என்றால்? நைனா கவலைப்படவில்லை. போகிறபோக்கில் ஏட்டுக்கு ஒரு பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் பார்த்து வானொலியில் எங்கள் முறை வந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் பதினான்கு பேர் கூடிவிட்டார்கள். 'வயது ஐம்பத்தாறு, மாநிறம், பெரிய முறுக்கிய மீசை, மனைவி படுத்த படுக்கை' என்று ஓர் அம்மா கனிவாக வாசித்தார். கையில் அதிரசத்தோடு நைனா கடைசி வரை கேட்டார்.

"பாவம், நல்ல மனுசனாட்டம் தெரியுது. கெடைக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை மணமேடையில் சம்பந்தி நைனாவைத் தாண்டித் தாண்டி மீசைக்காரரைத் தேடினார். அந்த மீசைதான் மருமகளாகப் போகிறவளுக்காக மலையேறியது என்று அம்மா விளக்கியபோது, அவர் எழுந்து நின்று நைனாவைக் கும்பிட்டார். நைனா தாரை வார்த்தார். தங்கச்சியின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அவர் மேலுதடு நடுங்கியது. மறைக்க அங்கே ஒன்றும் இல்லை. மண்டபமே பார்த்தது.

மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஏட்டு உட்கார்ந்திருந்தார். பந்தியில் என்னைக் கூப்பிட்டு, "ஆளு தொரிக்காரு மாஸ்டாரு, நாளைக்கி எழுதி முடிச்சுடறேன்" என்றார். ஆள் கிடைத்துவிட்டார் என்று.

"குர்த்து?"

"பொண்ணு கையப் புடிச்சிக்கினு அழுதாரே, அதுக்கு மேல இன்னா குர்த்து வேணும்? அதிரசம் இன்னொண்ணு போடச் சொல்லு."

அடுத்த பந்தியில் அம்மா நைனாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "இவளுக்கு நல்லபடியா ஒரு புள்ள பொறக்கட்டும்" என்று ஆரம்பித்தாள்.

நைனா சாப்பிடுவதை நிறுத்தினார். இடது கையை எடுத்து, ஒன்றுமில்லாத மேலுதட்டின் மேல் இறுக்கமாக வைத்துக்கொண்டார்.