ஸ்டாண்டில் ஏறினால் எல்லாரும் வீரர்கள்

சைக்கிளை விற்றுவிடலாம், அதில் ஏறுகிற முதுகைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

புதுச்சேரியில் சாரம் பகுதியில், ரோடு பைக் விற்கும் கடையில் எனக்கு வேலை. பைக் என்றதும் பெட்ரோல் டேங்கைத் தேடாதீர்கள். ஹேண்டில்பார் கீழ்ப்பக்கம் வளைந்திருக்குமே, அந்த வேக சைக்கிள்தான். ஸ்டாண்டில் மாட்டிய சைக்கிளில் ஆளை ஏற்றி, மிதிக்கச் சொல்லி, முதுகும் முழங்கையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து சைஸ் சொல்வேன். கடையில் நின்றே கால் வீங்கும் சகோதர சகோதரிகளே, பாப்பா தூங்கியதும் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காணாமல் போன வயிறு

உப்பளம் பகுதியிலிருந்து ஒரு பேங்க் அதிகாரி வந்தார். ஏறியதும் குனிந்தார் பாருங்கள், முதுகு வில்லாக வளைந்தது. மனைவி வீடியோ எடுத்தார். நானும் அசந்துபோய், நீளமான பெரிய ஃபிரேமாகக் கொடுத்தேன்.

அடுத்த வாரமே கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கை எட்டவில்லை, வயிறு இடிக்கிறது. அவர் மனைவி சொன்னார்: "அன்னிக்கு நான் வீடியோ எடுத்தேன்னு மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருந்தாரும்மா. தெனமும் பின்னாடியே போயா எடுக்க முடியும்?"

இரண்டு கையும் காற்றில்

அன்றிலிருந்து ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். ஏற்றிவிட்டு ஊர்க்கதை கேட்பேன். பேச்சில் மூழ்கினால் ஆள் எப்படி உட்காருகிறாரோ, அதுதான் அளவு.

பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவரிடம் இது பலிக்கவில்லை. பாரிசில் இருக்கும் மகனைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மருமகள் மாதிரி நடித்துக் காட்டினார். "முசியே, கையைப் புடிங்க" என்று கெஞ்சினேன். அவர் பதில்: "கையைப் புடிச்சா பேச்சு வராது மதாம். பேசிக்கிட்டே ஓட்டற சைக்கிள் இருந்தா காட்டுங்க."

என் முறை

இனி சிரிக்காமல் கேளுங்கள். எனக்கு ரோட்டில் ஓட்டப் பயம். பாப்பா பிறந்ததிலிருந்து, எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்கு யார் என்றே நினைப்பு ஓடும். முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் வரை கடை ஆட்கள் எல்லாரோடும் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் அளவெடுக்கிற வேலை வேறு ஆளுக்கு.

மெக்கானிக் அந்தோணி அண்ணன் என்னை ஸ்டாண்டில் ஏற்றினார். பள்ளி நாளில் கான்வென்ட் சிஸ்டர்கள் நிமிர்த்திய முதுகு குனியவே இல்லை. தோள் காதைத் தொட்டது. அவர் சாவகாசமாக, "பாப்பாவுக்குப் பல்லு மொளைச்சிடுச்சா?" என்றார். கீழே இரண்டு முளைத்ததையும், அது என் விரலைக் கடித்ததையும் சொல்லி முடித்தேன். அதற்குள் அளந்துவிட்டார், என் தந்திரத்தாலேயே! சின்ன ஃபிரேம், கைக்கு எட்டுகிற ஹேண்டில்பார்.

ஞாயிறு காலை அரியாங்குப்பம் பாலத்தில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. தோள் மறுபடி காதுக்கு ஏறியது. நிறுத்திவிடலாம் என்று பிரேக்கில் விரல் வைத்தேன். பின்னாலிருந்து அந்தோணி அண்ணன் கத்தினார்: "ஏம்மா, மேல்பல்லு எப்ப வருமாம்?"

பதில் சொல்லிக்கொண்டே நோணாங்குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டேன். பாப்பாவுக்கு எல்லாப் பல்லும் முளைத்து, அண்ணனுக்குக் கேட்கக் கேள்வி தீர்வதற்குள் இந்தப் பயம் போயாக வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை.